செத்துப்போன நாலு கேமரா

நான் ஏமாந்த கதையைச் சொன்னால் ஆம்பூரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு ஷூ ஃபேக்டரியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஃபேக்டரியில் உள்ளே வரும் தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, புரட்டி, கீறல் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்கள். அனுப்பியவர் முதலாளியின் சொந்த மச்சினனாக இருந்தாலும் அப்படித்தான். நான் மட்டும் என் நண்பன் கொடுத்த பெட்டியைப் பிரிக்காமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். அவன் எதிரில் பிரித்துப் பார்த்தால் மனசு நோகுமாம். எப்பேர்ப்பட்ட புத்தி பாருங்கள்!

பாலிடெக்னிக்கில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். வேலூர் சத்துவாச்சாரியில் நெட்வொர்க் சாமான் கடை வைத்திருக்கிறான். பேக்கிங் ஹாலுக்கு நாலு புதுக் கேமரா வந்தபோது அவற்றை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் என்ற சாதனத்தை அவனிடம் வாங்கினேன். இந்தக் கேமராவுக்குத் தனிக் கரண்ட் வயர் கிடையாது. ஸ்விட்சிலிருந்து போகும் ஒரே கேபிளில் கரண்ட்டும் போகும், படமும் வரும்.

"கண்ண மூடிக்கினு மாட்டு மச்சி" என்றான். மூடிக்கொண்டேன்.

கேபிள் இழுத்து, முனைகளில் கனெக்டர் போட்டவர் எங்கள் எலக்ட்ரீஷியன் பாய். மாட்டிப் பார்த்தால் நாலில் ஒன்றின் விளக்குகூட எரியவில்லை. பாய் மீட்டரோடு என்னிடம் வந்தார்.

"சார், கேமராவ கழட்டிட்டு வச்சாலும் கேபிள்ல இருபத்தி நாலு வோல்ட் காட்டுது. ஆபீஸ்ல இருக்கிற பழைய ஸ்விட்ச்சு இப்டி காட்டாது. இது வேற ரகம் சார்."

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்க வேலைய மட்டும் பாருங்க பாய்" என்று சொல்லிவிட்டு நண்பனுக்கு போன் போட்டேன்.

அவன் வந்தான், டீ குடித்தான், ஒரு கனெக்டரைத் தூக்கிப் பார்த்தான். "கலர மாத்தி போட்டுட்டாரு மச்சி. நீலமும் பழுப்பும் எடம் மாறிப்போச்சு" என்றான். கனெக்டர் கண்ணாடி மாதிரி இருக்கும். நான் குனிந்து பார்த்திருந்தாலே உள்ளே கலர் வரிசை சரியாக இருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பாய் "இல்ல சார், வரிசையாத்தான் போட்டேன்" என்று முனகிக்கொண்டே எட்டு முனைகளையும் வெட்டி, புதிதாகப் போட்டார். அப்போதும் எரியவில்லை.

"ஏற்கெனவே தப்பா கரண்ட் ஏறி கேமரா செத்துப்போச்சு மச்சி. நாலும் அவுட்டு" என்றான் நண்பன்.

அடுத்த வாரம் வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் ஆய்வுக்கு வர இருந்தார்கள். மேனேஜர் கொதித்துப்போய் வந்து, "யாரு கனெக்டர் போட்டது?" என்றார். பாய்தான் என்று சொன்னேன். "நாளைலேர்ந்து வராதீங்க" என்று மேனேஜர் அங்கேயே பாயிடம் சொல்லிவிட்டார். பாய் மீட்டரை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். நண்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

இரண்டு நாள் கழித்து, செத்த கேமராக்களை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தேன். அனுப்பும் முன் வேறு ஸ்விட்சில் ஒரு தடவை மாட்டிப் பார்க்கும்படி சென்டரில் சொல்லியிருந்தார்கள். ஆபீஸ் ஸ்விட்சில் மாட்டினேன். எரிந்தது! நாலும் எரிந்தன. பேக்கிங் ஹாலுக்கு ஓடி, நண்பன் கொடுத்த ஸ்விட்சைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த புது ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அதற்குக் கீழே பழைய லேபிளில் இருபத்து நாலு வோல்ட் என்று இருந்தது. எங்கள் கேமராவுக்கு நாற்பத்தெட்டு வேண்டும். அதுவும் கேமரா இன்னதென்று ஸ்விட்ச் முதலில் விசாரித்துவிட்டுத்தான் கரண்ட் அனுப்ப வேண்டும். இது எதையும் விசாரிக்காமல் தள்ளிக்கொண்டிருந்த சனியன். பாய் சொன்னது அத்தனையும் நிஜம்.

உடனே நண்பனுக்கு போன் போட்டேன். "ஸ்டாக்கு தேங்கிப்போச்சுடா. நீயே கண்டுபுடிச்சி மாத்திக்குவன்னு நெனச்சேன்" என்றான்.

"பாய வேலய வுட்டு அனுப்புனப்போ நின்னுக்கினுதானேடா இருந்த?"

"அந்தாளு இன்னா உனுக்கு சொந்தமா? எதுக்கு இவ்ளோ பேஜார் ஆவுற?"

இருபது வருட நட்பு. இன்றைக்கும் அவன் பெயரைக் கேட்டால் எனக்குக் காறித் துப்ப வருகிறது.

மேனேஜரிடம் போய், தப்பு பாய் மேல் இல்லை, பார்க்காமல் கையெழுத்துப் போட்ட என் மேல் என்று சொன்னேன். ஒரு மெமோ கொடுத்தார். பாயின் இடத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்.

விசாரித்துக்கொண்டு பாயைத் தேடிப் போனேன். ஒரு மிக்சி ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படுபாவி, துரோகி என்று நண்பனைத் திட்டித் தீர்த்தேன். நான் முடிக்கும்வரை பாய் கேட்டார்.

"அவரு யாரு சார் எனக்கு? ஒரு டீ குடிச்சிட்டு போன மனுசன். அவரு சொன்னதுக்கு நான் வருத்தப்படல" என்றார். "நான் பக்கத்துலதான் நின்னேன். மேனேஜர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என் பக்கம் திரும்பி, 'பாய், நெசமா'ன்னு ஒரு வார்த்த நீங்க கேக்கல சார்."