நான் குடியை விட்டதால் நின்றுபோன கல்யாணம்

நேற்று மத்தியானம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்!

என் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் வேண்டாமாம். காரணம், நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன்!

(மறுபடி படிக்க வேண்டாம். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.)

குத்தாலத்துக்காரர்களுக்கு என்னைத் தெரியும். உரக்கடைக்காரன். இருபது வருஷமாகக் குடித்ததை எல்லாம் காவிரியில் ஊற்றியிருந்தால், குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கட்டும் என்று ஒருவரும் காத்திருக்க வேண்டாம்!

தை மாசம் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து உடம்பத்தான் சார் கழுவும். மனசு மறுபடி கேக்கும். நிறுத்துனவங்க வாராவாரம் ஒண்ணா உக்காந்து பேசுற மீட்டிங் இருக்கு, அதுல ஒண்ணப் புடிங்க. தனியாத் தாக்குப்புடிக்க மாட்டீங்க. இன்னொரு தடவ ஆரம்பிச்சா லிவர் மிஞ்சாது."

படை திரட்டிக் கிளம்பினேன்! (படை என்றால் நான்.)

எங்கள் பக்கம் ஒயின் ஷாப்புக்கு வழி கேட்டால் நாலு பேர் கூடவே வருவார்கள். இதற்கு வழி கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள்.

முதலில் மயிலாடுதுறைப் பக்கம் ஓர் இடம். இரும்புக் கதவு. என் தலை அளவுக்குப் பூட்டு.

"மீட்டிங்லாம் கெடையாதுங்க. அட்மிட் ஆனா மூணு மாசம். போன வாங்கி வெச்சுக்குவோம்" என்றார் உள்ளேயிருந்தவர்.

ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே அட்மிட் ஆகிவிட்டது!

அடுத்தது, பஸ்ஸில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ். போன் போட்டேன்.

"வீட்டுக்காரருக்குத் தெரியாம பொடியச் சாம்பார்ல கலந்துடுங்க சார். ஒரே வாரம்!"

"நான்தான்யா அந்த வீட்டுக்காரன்!"

"அப்ப... தெரியாத மாதிரி சாப்புடுங்க சார்!"

மூன்றாவதாகக் கிடைத்தது திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் எட்டுப் பேர், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாசலில் நின்று வம்சாவளியை ஆரம்பித்தேன். "வணக்கங்க, நமக்கு குத்தாலம், மேலத்தெருவுல..."

ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பேரு மட்டும் போதுங்க. ஊரு, தெரு, யாரு வீடு, எதுவும் வேணாம். உக்காருங்க. டீ சாப்புடுறீங்களா?"

ஐம்பத்து நாலு வருஷ டெல்டா வாழ்க்கையில், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காமல் எனக்கு ஒருவர் டீ கொடுத்தது அன்றைக்குத்தான்!

அங்கே பேசுவதை வெளியே சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன். என் கதையை மட்டும் சொல்கிறேன். ஐந்து செவ்வாய் போனேன். ஒரு மனுஷன் அரை மணி நேரம் பொய் சொல்லாமல் பேசுவதைக் கேட்டால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வருகிறது. எப்படி என்று தெரியாது. வருகிறது.

ஆனால், பெயருக்கு மேல் எதுவும் கேட்காத அந்தக் கூட்டத்துக்கு இந்த மகா புத்திசாலி எதில் போனான்?

கடை லோடு வேனில்! வேனின் இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்தில் 'மண்வளச் சக்கரவர்த்தி'. கீழே கும்பிட்டபடி என் மூஞ்சி! ஐந்து வாரமும் வாசலிலேயே நிறுத்தினேன்.

(தேரை நிறுத்தியிருந்தால்கூட இத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.)

மாப்பிள்ளையின் அப்பா போனில் இழுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. குடிய நிறுத்துற மீட்டிங்குக்கு நீங்க போறதா நம்ம ஆளு ஒருத்தரு சொன்னாரு..."

"ஆமாங்க. விட்டுட்டேன்."

"நீங்க குடிக்கிறது எங்களுக்கு மொதல்லயே தெரியுங்க. ஊருல விசாரிச்சுட்டுத்தான வந்தோம்? ஆம்பளைங்க, அதெல்லாம் சகஜம். ஆனா மீட்டிங் போற அளவுக்குன்னா அது வியாதிங்களே! நாளைக்கு நாலு பேரு கேட்டா நாங்க என்னங்க சொல்றது?"

கார்த்திகையில் பெண் பார்க்க வந்தபோது இவர் முன்னாலேயே நான் நாற்காலியோடு கவிழ்ந்தேன். தூக்கி உட்காரவைத்தவரே இவர்தான். சிரித்துக்கொண்டே!

கவிழ்ந்து கிடந்தவனோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம். எழுந்து உட்கார்ந்தவனோடு கூடாது!

போனை வைத்ததும் மனைவி பக்கத்தில் வந்தாள்.

"என்னங்க, கல்யாணம் முடியிற வரைக்கும் அங்க போவாம இருந்தா என்ன? வேன யாரோ எடுத்துட்டுப் போனாங்கன்னு நான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

கோபமில்லை. கெஞ்சல்தான். எனக்காகப் பொய் சொல்லிப் பொய் சொல்லிப் பழகிப்போனவள்.

நானும் சரியென்று தலையாட்டப் போனேன். (மீட்டிங்கை நிறுத்தலாம் என்றதும் எனக்குள் ஒருத்தன் விசிலடித்தான். அவனை எனக்குத் தெரியும்.)

அப்போது மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"போன் பண்ணாதம்மா. அவங்க வேணாம்னதே நல்லதுதான்."

"என்னடி பேசுற? தங்கமான குடும்பம்!"

"அப்பா கவுந்து கெடந்தப்ப சிரிச்சாங்கம்மா. நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தன் கவுந்தா நான்தான தூக்கணும்? இங்க தூக்குனது போதும்."

திட்டவில்லை. சோறு ஆறுகிறது என்பது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வாய்ச்சவடாலில் சோழநாட்டையே ஆண்ட நான், உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. நான் செவ்வாய்க்கிழமை போகிறேன்.

இந்தப் பதிவுக்குச் சிரிப்பு ஸ்மைலி போடப்போகும் குடிமக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் உங்களைத் தூக்குவது யார்?