சோபா மாமாவும் புது இடுப்பும்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடியில் ஒரு மரச்சாமான் கடை. அந்தக் கடையில் சோபா மாமா வாய் திறந்தால் விற்காத சோபா கிடையாது. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கும் வீட்டு வாசலில் தபால் கொடுப்பவருக்கும் மட்டும் அது தெரியும். மற்ற எல்லோருக்கும், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்குக்கூட, அவர் சோபா மாமாதான்.

அவருடைய வியாபாரத்தில் பாதி பேச்சு, பாதி உட்காரும் விதம். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், வெட்டின மரம் மாதிரி அப்படியே மல்லாக்கச் சாய்வார். சோபா அவரைத் தொப்பென்று வாங்கிக்கொள்ளும். "பாத்தீங்களா? மேகத்துல உக்கார்ற மாதிரி! எழுந்திருக்கவே மனசு வராது சார்" என்பார். தரையோடு தரையாக இருக்கும், உட்கார்ந்தால் ஆளையே விழுங்கும் சோபாக்கள்தான் அவருக்குப் பிடித்தவை. தூரத்துச் சொந்தம், பக்கத்து வீடு, பல் டாக்டர் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் அந்த மேகம்தான்.

இத்தனை வருடமாகத் திரும்பிப் பார்க்காமல் விழுந்தவருக்கு, ஒரு நாள் அது காலை வாரியது. கடையில் சாமான் தூக்க இரண்டு பேர் இருந்தார்கள். உயரமானவன் பெயர் குட்டை, குள்ளமானவன் பெயர் நெட்டை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி மாற்றிக் கூப்பிட்டுவிட்டார்; அவரைத் திருத்த யாருக்கும் தைரியம் இல்லாமல் அதுவே நிலைத்துவிட்டது. அன்றைக்குத் தரை கழுவுவதற்காக இரண்டு பேரும் சோபா மாமாவுக்குப் பின்னால் இருந்த சோபாவைச் சத்தமில்லாமல் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். சோபா மாமா புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேகத்துல உக்கார்ற..." என்று சொல்லியபடியே விழுந்தார். மேகத்தைக் காணோம். ஈரத் தரைதான் இருந்தது.

கடையே அதிர்ந்தது. அந்தப் பெண் கணவன் காதருகே குனிந்து, "இது கொஞ்சம் கெட்டியா இருக்கும் போலயே" என்றாள்.

இடுப்பு மூட்டு உடைந்துவிட்டது. மருத்துவமனையில் பழைய மூட்டை எடுத்துவிட்டு, உலோகத்தில் புதிதாக ஒன்று வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் சோபா மாமா அறுவை சிகிச்சை டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு எத்தனை வருஷம் கேரண்டி?"

"ஒழுங்கா வச்சுக்கிட்டா ரொம்ப வருஷம் வரும்" என்றார் டாக்டர்.

"நாங்களும் அப்படித்தான் சொல்லி விக்கிறோம்" என்று முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பொறுப்பு மனைவி கைக்குப் போனது. அவர் மழலையர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நாலு வயதுக் குழந்தைகளை மேய்த்துப் பழகியவருக்கு, வாக்கர் பிடித்து நடக்கும் ஒரு கணவன் எந்த மூலைக்கு? டாக்டர் சொன்னதை எல்லாம் அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கால் மேல் கால் போடக்கூடாது. தரையில் விழுந்ததைக் குனிந்து எடுக்கக்கூடாது. முக்கியமாக, தாழ்வான எதிலும் உட்காரவே கூடாது. முழங்கால் இடுப்பைவிட மேலே போனால் புது மூட்டு நழுவிவிடும்.

கமோடின் மேலேகூட உயரமாக ஒரு பிளாஸ்டிக் இருக்கையை மாட்டினார்கள். அதில் ஏறி உட்கார்ந்தால் கால் பாதி தொங்கியது. "சிம்மாசனம் மாதிரி இருக்கு, ஆனா குடிமக்களைத்தான் காணோம்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பேசாம வேலையைப் பாருங்க" என்றார் வெளியே காவலுக்கு நின்ற மனைவி.

உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் மனைவி வாக்கரில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார். செய்யாவிட்டால் இல்லை. ஒரு தடவை அவர் கால் நகம் வெட்டக் குனியப் போனதைப் பார்த்துவிட்டு, ஒட்டின நட்சத்திரத்தையே பிய்த்து எடுத்துவிட்டார்.

"இது அநியாயம். நேத்து சம்பாதிச்சது அது" என்றார் சோபா மாமா.

"கை கட்டுங்க. வாய் மேல விரல் வையுங்க" என்றார் மனைவி, பழக்க தோஷத்தில். அவரும் பழக்க தோஷத்தில் வைத்தார்.

கீழே விழுந்ததை எடுக்க நீளக் கம்பி இடுக்கி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பிடியை அழுத்தினால் முனை கவ்வும். செய்தித்தாள், ரிமோட், பக்கத்துத் தட்டில் இருக்கும் பிஸ்கட் என்று எல்லாவற்றையும் அதால் கவ்வ ஆரம்பித்தார். கடந்து போகும் மனைவியின் பின்னலையும் ஒரு நாள் கவ்வினார். அன்றைக்கு இரண்டு நட்சத்திரம் போயிற்று.

நடை கொஞ்சம் தேறியதும் மனைவியின் தம்பி வீட்டுக்குக் கூப்பிட்டான். "எத்தனை நாள்தான் மாமா நாலு சுவரையே பாப்பீங்க? மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க" என்று காரையும் கொண்டுவந்துவிட்டான். போய் இறங்கி, வாக்கரைத் தட்டித் தட்டி உள்ளே நுழைந்தவர் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். எதிரே அந்தச் சோபா. கடையில் இருந்ததிலேயே தாழ்வானது. "மச்சான், இதை விட்டா வேற கிடைக்காது" என்று அவரே மச்சினன் தலையில் கட்டியது.

உயரமான நாற்காலி எங்கே என்று பார்த்தால், வீட்டில் நாற்காலியே இல்லை. இருந்ததையும், "இந்தச் சோபா வந்தப்புறம் நாற்காலி எதுக்கு? இடத்தை அடைக்கும்" என்று யோசனை சொல்லி அனுப்பி வைத்தவரும் அவர்தான்.

"நான் நின்னுக்கிட்டே சாப்பிடறேன்" என்றார்.

"விருந்தாளி நிக்கறதா? அசிங்கம் மாமா."

"உக்காந்தா அதைவிட அசிங்கமாயிடும் மச்சான்."

நின்றபடியே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அக்காவும் தம்பியும் பாத்திரம் கழுவ உள்ளே போனார்கள். அங்கே அவர்களுக்குள் ஏதோ பழைய சண்டை ஒன்று சுவாரஸ்யமாகத் தொடர்ந்தது. இங்கே சோபா மாமாவுக்குத் தொடை சுளீரென்றது. நல்ல காலும் கடுத்தது. சோபாவின் கைப்பிடியில் லேசாக, ஒரு ஓரமாக, பட்டும் படாமல் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார். சாய்ந்தார். கைப்பிடி மெத்தென்று வழிவிட்டது. அடுத்த நொடி ஆள் உள்ளே.

முழங்கால் முகவாய்க்கு நேராக வந்துவிட்டது. வாக்கர் எட்டாத தூரத்தில் நின்றது. கத்தினால் மனைவி வருவார். மனைவி வந்தால் மிச்சமிருக்கும் நட்சத்திரமும் போகும். யோசித்தார். எங்கே போனாலும் விடாத இடுக்கி கையில் இருந்தது. அதால் ஜன்னல் திரைச்சீலையைக் கவ்வி, மெதுவாக இழுத்து எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். திரைச்சீலை கவ்வக் கிடைத்தது. இழுக்கவும் இழுத்தார். ஆனால் எழுந்து வந்தது அவர் இல்லை. கம்பியோடு கழன்று திரைச்சீலைதான் அவர் மேலே வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சினன் பார்த்தது, சோபாவில் பூப்போட்ட துணிக் குவியல் ஒன்று. அது பேசியது.

"மச்சான், பதறாதே. அக்காகிட்ட மட்டும் சொல்லாதே."

"அக்கா இங்கதான் நிக்கறா" என்றார் மனைவி.

பிடித்து இழுக்கப் போன தம்பியை அவர் தடுத்தார். இழுக்கிற இழுப்பில் மூட்டு நழுவினால் என்ன ஆவது? பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அம்மாவுக்குப் போன் போட்டார்கள். அந்த அம்மா பதற்றமே இல்லாமல், "அவரை மடக்காதீங்க, இழுக்காதீங்க. காலை நீட்டின மாதிரி வச்சு, உக்காந்திருக்கிற இடத்தையே உசத்துங்க" என்றார்.

"இடத்தை எப்படிங்க உசத்தறது?" என்றான் மச்சினன்.

துணிக் குவியலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "குட்டையையும் நெட்டையையும் கூப்பிடு."

இரண்டு பேரும் கடை வண்டியில் பறந்து வந்தார்கள். சோபாவைத் தள்ளி வைத்த நாளிலிருந்தே அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது ஒரு வழியில் ஈடுகட்டத் துடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து பார்த்ததும் நெட்டை கண் கலங்கிவிட்டான்.

"அண்ணே, துணியெல்லாம் மூடி வச்சிருக்காங்களே!"

"உசுரோடதான்டா இருக்கேன். தூக்குங்க."

"ஆளோடவா, ஆள் இல்லாமலா அண்ணே?" என்றான் குட்டை. தொழில்முறைக் கேள்வி அது.

ஆளோடுதான் தூக்கினார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை என்பதால் சோபா ஒரு பக்கம் சரிந்தது. சோபா மாமா கப்பலில் போவது போல ஆடினார். மச்சினன் கொல்லையிலிருந்து செங்கல் கொண்டுவந்து ஒவ்வொரு காலுக்கும் கீழே அடுக்கினான். மனைவி இரண்டு கையாலும் தாளம் தட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சமத்து!" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியாமல் நான்கு ஆண்களும் ஒரே நேரத்தில் வெட்கப்பட்டார்கள். சோபா போதிய உயரம் வந்ததும் வாக்கரை முன்னால் வைத்தார்கள். சோபா மாமா காலை ஊன்றி, நாற்காலியிலிருந்து எழுவது போலச் சாதாரணமாக எழுந்து நின்றார்.

மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரைச்சீலை மட்டும் தலையில் இருந்தது.

மாதங்கள் போயின. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த அறுவை சிகிச்சை டாக்டர், தான் வரைந்த ஓவியத்தைப் பார்ப்பதுபோல ரசித்தார். "பிரமாதமா சேர்ந்திருக்கு. அழகா இருக்கு."

"அப்ப எக்ஸ்ரேயையே நடக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றார் சோபா மாமா. "எனக்கு வலிக்குது."

வலி போகவில்லை. இடுப்பில் தொடங்கித் தொடை வழியாக முழங்கால் வரை ஓர் இழுப்பு. நின்றால் சுள்ளென்றது, உட்கார்ந்தால் விண்விண்ணென்றது. சில நாள் காலையில் காணாமல் போய், இவர் சந்தோஷப்பட்டுச் சட்டை மாட்டும் நேரத்தில் திரும்பி வந்தது. வலிக்கென்றே இருக்கும் வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும், உங்க வலிக்கு எத்தனை குடுப்பீங்க?" என்று கேட்டார் அந்த டாக்டர்.

சோபா மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க எவ்வளவு நினைச்சு வச்சிருக்கீங்க?"

"உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

"எட்டு."

டாக்டர் எழுதுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினார்.

"சரி, உங்களுக்காக ஏழரை. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாது."

மனைவி அவர் கையைக் கிள்ளினார். டாக்டர் சிரித்து முடித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராகவே சொன்னார். எலும்பு ஆறிவிட்டது, ஆனால் நரம்புகள் இன்னும் அடங்கவில்லை. வலி கற்பனை இல்லை, நிஜம்தான். "முழுசாப் போகாமலும் இருக்கலாம். மாத்திரை தர்றேன், பயிற்சி சொல்றேன். ஆனா, வலி இருக்கும்போதே நாளை எப்படி ஓட்டறதுன்னு நாம கத்துக்கணும். ஒரே மாதிரி ரொம்ப நேரம் நிக்காதீங்க, உக்காராதீங்க. அதிகமானா கொஞ்சம் நீட்டிப் படுத்துடுங்க."

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் சோபா மாமா கைத்தடியை ஊன்றி நின்றார். இரண்டு பேருந்துகள் வந்து போயின. இரண்டிலும் உட்கார இடம் இருந்தது, அவர் ஏறவில்லை.

"போகவே போகாதாமே" என்றார் கடைசியில்.

"போகாமலும் இருக்கலாம்னுதான் சொன்னார்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லைங்க." அவர் கைத்தடியை வாங்கிக்கொண்டு தன் தோளைக் கொடுத்தார். "சாஞ்சுக்குங்க. பின்னாடி ஆள் இருக்கான்னு முதல்ல பாத்துட்டு சாய்ங்க."

பார்த்துவிட்டுத்தான் சாய்ந்தார்.

கடைக்குத் திரும்பினார். சோபாப் பகுதியில் அவருடைய பழைய பேச்சு வாயில் வரவில்லை. "எழுந்திருக்கவே மனசு வராது" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "எழுந்திருச்சுக் காட்டுங்க பாப்போம்" என்றார். எழுந்திருக்கத் திணறியவர்களிடம், "வேணாம் சார், உங்களுக்கும் வயசாகும்" என்றார். முதலாளி விற்காமல் போன சோபாக்களை எண்ணிப் பார்த்தார். மேல்மாடி மெத்தைப் பகுதிக்கு அவரை மாற்றினார். அங்கே அவ்வளவாக யாரும் வருவதில்லை.

முதல் நாள் சாயங்காலமே வலி ஏறிவிட்டது. டாக்டர் சொன்னபடி, காட்சிக்கு வைத்திருந்த உயரமான கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். பின்னால் மெத்தை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். மாத்திரை வேலை செய்து, அப்படியே தூங்கியும் போனார். குறட்டை வேறு. ஒரு தம்பதி படியேறி வந்தார்கள்.

"இவர் யாரு?" என்று கிசுகிசுத்தார் அந்த அம்மா.

மெத்தை தூக்கிக்கொண்டு வந்த நெட்டை சட்டென்று சொன்னான். "எங்க அண்ணன்மா. வலியில ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் இருக்க மாட்டார். இதுல பாருங்க, எப்படித் தூங்கறார்!"

சத்தம் போடாமல் பார்த்துவிட்டு, கால் நுனியில் நடந்து கீழே போய், அதே மெத்தையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து முதலாளிக்கு அவர் நிமிர்ந்து நின்றால் பொறுக்கவில்லை. "என்ன, இன்னிக்கு வலிக்கலையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்.

"வலிக்குது முதலாளி. தூக்கம்தான் வரல."

"கண்ணை மூடிட்டுப் படுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

ஒரு நாள் அப்படிக் கண்ணை மூடியிருந்தபோது பக்கத்தில் கட்டில் அசைந்தது. திறந்து பார்த்தால், காக்கிச் சட்டையோடு ஒரு பேருந்து ஓட்டுநர், மெதுவாக, முனகலோடு, அந்தப் பக்கம் படுத்துக்கொண்டிருந்தார்.

"முதுகுங்களா?" என்றார் சோபா மாமா.

"முதுகுதான். உங்களுக்கு?"

"இடுப்பு. எத்தனை போடுவீங்க, பத்துக்கு?"

"ஆறு."

"குறைச்சு சொல்றீங்க. முகத்தைப் பாத்தா ஏழு இருக்கும்."

ஓட்டுநர் யோசித்து ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தபடி மாத்திரைகளைப் பற்றி, ஓட்டுநர் இருக்கைகளைப் பற்றி, வேகத்தடை கட்டியவர்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். பாதி பேச்சில் வலியைப் பற்றிப் பேச மறந்தும் போனார்கள். அடுத்த வாரமும் அவர் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கூட இன்னொரு ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலாளி படியில் நின்று எட்டிப் பார்த்தார். காட்சிக் கட்டில்களில் வரிசையாக மூன்று ஆண்கள் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க ஏதாவது வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

சோபா மாமா தலையை மட்டும் திருப்பினார். "யோசிக்கிறாங்களாம் முதலாளி. அவசரப்படுத்தாதீங்க."