மகன் ஊரில் ஒரு ஹோட்டல்

கிள்ளானில் புஷ்பவல்லியின் சொந்தக்காரர் யாரும் வெளியே அறை எடுத்துத் தங்கியதாகச் சரித்திரம் கிடையாது. காப்பாரிலிருந்து பிரசவத்துக்கு வந்தவள், ரவாங்கிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தவர், எல்லாருக்கும் அவளுடைய சின்ன வீடுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவள் தாதி. உறவு என்று ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், ஹோட்டல்ல தங்கிக்கிறோம்" என்று யாராவது இழுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்பாள். அதைக் கேட்கத்தானே அவர்களும் அப்படிச் சொல்வது. நம் சனத்தில் ஹோட்டல் பேச்சை எடுப்பதே வீட்டுக்கு வா என்று சொல்லவைக்கத்தான்.

புருஷன் தங்கமணி லோரி ஓட்டியவர். மகன் சுகுமாறன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிப் பார்த்துப் பையனை எஞ்சினியராக்கினாள். அவன் இங்கிலாந்து போனான், தாராவைக் கட்டினான், யோர்க்‌ஷயரில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கினான். ஞாயிறு தவறாமல் போன் வரும். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" எல்லாம் கேட்பான். "வாங்கம்மா" என்ற ஒரு சொல் மட்டும் வராது. பேத்தி பிறந்து, நடந்து, பள்ளிக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். கூப்பிடாத வீட்டுக்குப் போக மானம் விடவில்லை. போகாமல் இருக்க மனசு விடவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிரிட்டனுக்கு ஹாலிடே போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி, விமான டிக்கெட்டையும் எடுத்துவிட்டாள். பிறகு ரயிலேறிப் பக்கத்துத் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் போய், அங்கே டிராவல் ஏஜென்சி வைத்திருக்கும் தங்கை மகள் மலர் முன்னால் உட்கார்ந்தாள்.

"கடலோரம் வேணுமா பெரியம்மா, மலை வேணுமா?"

"ஆடு மேயுற எடமா பாரு. யோர்க்‌ஷயர் பக்கம்."

மலர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். முதலில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய தேவாலயம். "சாமி இருந்த எடத்துல நான் காலை நீட்டிப் படுக்கவா?" என்றாள் புஷ்பவல்லி. அடுத்தது ஒரு பிரபுவின் மாளிகை. படிக்கட்டைப் பார்த்ததுமே முழங்கால் வலித்தது. மூன்றாவது, ஓடைத் தண்ணீரில் ஓடிய ஒரு பழைய மாவு மில். தானியம் கொட்டிவைத்த பரணெல்லாம் இப்போது படுக்கை அறை. சன்னலைத் திறந்தால் வாத்து நீந்துகிறது.

"இது சுகு ஊருதானே?"

"அவரு தெருவுக்கு அடுத்த தெரு. சொந்த மகன் வீடு இருக்கப்ப ஹோட்டல் எதுக்கு பெரியம்மா?"

"நீ மொதல் ராத்திரிக்கு மட்டும் போடுலா. மத்த நாளைக்கு அவன் விடமாட்டான் பாரு. கேட்ட ஒடனே குதிப்பான்."

மலருக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்துக் கொடுத்தாள். இங்கே மதியம் சாய்ந்தால் அங்கே காலை. சுகுமாறன் உடனே எடுத்தான்.

"சுகு, அம்மா அங்க ஹாலிடே வரேன்பா. உங்க ஊர்ல ஒரு பழைய மில்லு ஹோட்டலா இருக்காமே, அங்க தங்கிக்கிறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

சொல்லிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது ரொம்ப நல்ல ஹோட்டல்மா" என்றான் சுகுமாறன். "எத்தனை நாள் வரீங்க? ரெண்டு வாரமும் அங்கேயே இருங்க, நானே புக் பண்ணித் தரேன். எங்க மாடியில நின்னா அந்தக் கூரை தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் வந்து உங்களோட சாப்பிடறோம்."

"சரிப்பா. பாப்பா இருக்காளா?"

"ஸ்கூலுக்குக் கிளம்பிட்டிருக்காம்மா. அப்புறம் பேசறேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு அழுதாள் புஷ்பவல்லி. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய அழுகையைத் தேற்றியவள். கடைக்கு வந்து நின்ற ஆளைக்கூடப் பார்க்காமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்ன ஜென்மம் இவரு" என்று மலர் ஆரம்பித்தாள்.

"திட்டாதே. வேற எடம் பாரு. தூரமா."

"போகவே வேணாம் பெரியம்மா."

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. பாரு."

மலர் தேடினாள். ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஓர் ஏரிக்கரையில் ஒரு கல் வீடு இருந்தது. "இங்க போகணும்னா சுகு அண்ணன் வீட்டுல இருந்து பகல் பூரா கார் ஓட்டணும்."

"அதைப் போடு."

"எதுக்கு பெரியம்மா அவ்ளோ தூரம்? அங்க உங்களுக்கு யாரைத் தெரியும்?"

"அந்த மில்லுல தங்கினா, பெத்தவள அடுத்த தெருவுல ஹோட்டல்ல போட்டான்னு நம்ம சனம் அவனைக் காறித் துப்பும். இதுன்னா தூரம். பாவம், புள்ளைக்கு வேலை, வந்து கூட்டிட்டுப் போக முடியலன்னு நான் சொல்லிக்கலாம்."