தோமாவின் ஒருசந்தி

பாக்கியநாதன் கிராணியைப் போல உப்புச்சப்பில்லாத மனிதரை எங்கள் வரிசையில் நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டினார். சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டிய பலகை வீடுகள் எங்களுடையவை. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவர் துறைமுகத்துக் கிட்டங்கியில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் கிராணி வேலை பார்த்தார். காலையில் போவார், மத்தியானம் சாப்பிட வருவார், மறுபடி போவார், வெயில் சாய்ந்ததும் வருவார். அவருடைய சரித்திரத்தை இதோடு முடித்துவிடலாம், அக்னஸ் என்று ஒருத்தி அவருக்குப் பெண்டாட்டியாக வாய்க்காமல் இருந்திருந்தால்.

அக்னஸ் நடந்தால் பலகை அதிரும். பிள்ளை குட்டி இல்லாத குறையை எங்கள் எல்லோரையும் மேய்த்துத் தீர்த்துக்கொண்டாள். அதிலும் நாற்பது நாள் தபசுகாலம் வந்துவிட்டால் அவளைக் கையால் பிடிக்க முடியாது. கிறிஸ்தவர்களான நாங்கள் அந்தக் காலத்து உபவாசத்தை ஒருசந்தி என்போம். உச்சி மணி அடித்த பிறகு ஒரே ஒரு சாப்பாடு, மற்றபடி வயிறு சும்மா கிடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு. சாயங்காலம் கொஞ்சம் பலகாரம் கொறிக்கலாம் என்று கோயில் சாமியாரே சொன்னாலும் அக்னஸ் ஒத்துக்கொள்ள மாட்டாள். காலையில் வெறுங்காப்பி, மத்தியானம் சோறு, பிறகு பச்சைத் தண்ணீர். புருஷனுக்கும் அதே சட்டம்தான். ஒரு வருஷம் நான் பசி தாங்காமல் தெருவில் மலாய்க்காரி எண்ணெயில் பொரித்து விற்ற வாழைப்பழம், பீசாங் கோரேங், ஒன்றை வாயில் போட்டதைப் பார்த்துவிட்டாள். அடுத்த தபசு வரைக்கும் எனக்கு யூதாஸ் என்று பெயர்.

இவ்வளவு பட்டினி கிடந்தும் அவள் இளைத்ததே இல்லை. தபசு முடிந்து வரும் பாஸ்குத் திருநாளன்று கன்னம் பளபளக்கக் கோயிலுக்கு வருவாள். தேவ கிருபை என்று சில பெண்கள் சொன்னார்கள், புதுமை, அற்புதம் என்றே சிலர் சொன்னார்கள். எனக்கு வயிறு எரியும். நானும்தான் ஒருசந்தி இருந்தேன், எனக்குக் கண் குழி விழுந்ததுதான் மிச்சம்.

அவளிடம் ஒரு கிளி இருந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. எதை நீட்டினாலும் தலையைச் சாய்த்துச் சந்தேகமாகப் பார்க்கும் என்பதால் அக்னஸ் அதற்கு வேதத்தில் சந்தேகப்பட்ட சீடர் தோமாவின் பேரை வைத்தாள். எத்தனை வருஷம் வளர்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊமைக் கிளி என்று நாங்கள் கேலி செய்வோம். அது தின்றது ஒன்றே ஒன்று, டின்பாலில் ஊறிய ரொட்டி. பழம், கீரை எது வைத்தாலும் மூக்கால் எற்றிவிடும். தபசு முடியும்போது அதுவும் உருண்டையாக இருக்கும்.

மழைக்காலத்தில் அக்னஸ் காய்ச்சலில் படுத்தாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டாள். அடக்கத்தின்போது ஊரே அழுதது. அவளோடு அதிகம் மல்லுக்கு நின்றவள் நான், நான்தான் சத்தமாக அழுதேன். பாக்கியநாதன் அழவில்லை. குழியில் ஒரு பிடி மண்ணைப் போட்டார், கையைத் தட்டிக்கொண்டார், மறுநாள் வேலைக்குப் போனார்.

கல்நெஞ்சன் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. மனிதருக்கு எதுவுமே உறைக்கவில்லை. அவர் தானே ஏதோ பொங்கிக்கொண்டார், நான் அவ்வப்போது குழம்பு கொடுத்தனுப்புவேன். ஒரு நாள் உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்தார். அடுத்த வீட்டுப் பாத்திரமோ வழித்துக் கழுவித் திரும்பி வந்தது. குழம்பு எப்படி என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றார். வாழ்க்கை எப்படி என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

தோமாவும் அந்த வீட்டில் அப்படியேதான் இருந்தது. காலையில் அவர் காப்பியில் ரொட்டி தோய்த்துத் தின்னும்போது அதற்கும் ஒரு துண்டு போடுவார், அதைக் கொறிக்கும். நெஞ்சு இறகு கொட்டி, அடியில் சாம்பல் நிறத் தோல் தெரிய ஆரம்பித்தது. தெரு முக்கில் சில்லறைக் கடை வைத்திருந்த காஜா மொய்தீன் சிறு வயதிலிருந்தே கிளி வளர்த்தவர். அவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, ரொட்டியும் டின்பாலுமே போட்டால் இது அடுத்த மழையைப் பார்க்காது என்று சொல்லிவிட்டுப் போனார். கொய்யா, பயற்றங்காய், கங்கோங் கீரை, பச்சை மிளகாய் எல்லாம் கொடுக்க வேண்டுமாம்.

அக்னஸ் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அது போய்விடக் கூடாது என்ற ஒரே எண்ணம் மட்டும் அவருக்குள் எங்கோ மிச்சமிருந்தது. தினமும் பசாரிலிருந்து வாங்கி வந்து வைத்தார். தோமா எல்லாவற்றையும் கூண்டுக்கு வெளியே தள்ளியது. நறுக்கி வைத்தார், முழுசாகத் தொங்கவிட்டார், பாலில் முக்கினார். தரையெல்லாம் கொய்யா விதையும் கீரைத் தண்டும்தான். காஜா மொய்தீனிடம் போய் அது தின்ன மாட்டேன் என்கிறது என்று சொன்னார்.

"நீங்க தின்னீங்களா?" என்றார் காஜா மொய்தீன். "ஒத்தையா குந்திக்கிட்டு எந்தக் கிளியும் புதுசா ஒண்ணத் தின்னாது, கிராணி. அதுக்கு முன்னால நீங்க தின்னு காட்டணும் லா. பழகுன ஆளு தின்னாத்தான் அது நம்பும்."

அன்று சாயங்காலம் கிராணி கூண்டுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கொய்யாவைக் கடித்தார். தோமா பார்த்தது. மறுநாள் பயற்றங்காயைப் பச்சையாக மென்றார். தோமா கம்பியோரம் வந்து பார்த்தது. எத்தனையோ நாள் கழித்து, அவர் கடித்த கொய்யாவில் பல் பட்ட இடத்தையே அது கொத்தியது. பிறகு காலையும் மாலையும் இருவருக்கும் அதுவே வேலையாகிவிட்டது. அவர் ஒரு வாய், அது ஒரு வாய். கிளிக்கு மிளகாய் பிடிக்கும் என்றால் அவரும் மிளகாயைக் கடித்துக் காட்டுவார். நான் பலகை இடுக்கில் பார்த்திருக்கிறேன். மனிதர் பச்சை மிளகாயை வெள்ளரிக்காய் மாதிரி மெல்லுவார். கண்ணில் ஒரு சொட்டு நீர் வராது, மூக்கை உறிஞ்ச மாட்டார். பார்த்த எனக்குத்தான் நாக்கு எரிந்தது.

தோமாவுக்கு நெஞ்சில் மறுபடி பச்சை இறகு முளைத்தது. அந்த நேரம் பார்த்துத் தபசுகாலம் வந்தது.

அக்னஸ் போன பிறகு வரும் முதல் தபசு. அவளுடைய ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்தால் சீக்கிரம் கரையேறட்டும் என்று, அவள் இருந்த மாதிரியே நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். அழுதும் கொடுக்கவில்லை, வேறு எதையும் அவளுக்குக் கொடுக்கத் தெரியவில்லை, இதையாவது கொடுக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, கொய்யாவை நறுக்கிக் கூண்டில் வைத்துவிட்டு, வெறுங்காப்பி குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

தோமா தொடவில்லை. அவர் தின்னவில்லையே. உச்சி வேளையில் அவர் சோறு தின்னும்போதாவது தின்னுமா என்றால், வெயில் நேரத்தில் கிளி கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். அதன் பசியெல்லாம் காலையிலும் பொழுது சாயும்போதும்தான். ரொட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது அதன் எதிரே தின்னலாம் என்றால் அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் தபசும் ஒன்றாகவே வந்து நின்றன. வரிசை முழுக்க ஒரு பக்கம் நோன்பு, மறுபக்கம் ஒருசந்தி, கிளிக்குப் பசிக்கிற நேரத்தில் வாய் அசைந்த பெரியவர்கள் ஒருவர்கூட இல்லை. காஜா மொய்தீனின் சின்னப் பிள்ளைகளைக் கூண்டின் முன்னால் உட்காரவைத்து பிஸ்கட் தின்னச் சொன்னோம். தோமா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டது.

சனிக்கிழமைக்குள் அது கம்பில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. கிராணி சாமியாரிடம் போய் விலக்குக் கேட்டார். நோயாளிக்கு விலக்கு உண்டு, சுமை தூக்குகிறவனுக்கு உண்டு, கிளிக்காக யாரும் கேட்டதில்லை என்று சாமியார் சிரித்தாராம். பிறகு, வாயில்லா ஜீவனைச் சாகவிடச் சொல்லியும் எழுதியிருக்கவில்லை, உன் மனசாட்சியைக் கேள் என்றாராம். மனசாட்சியைக் கேட்டாரா என்று நான் கேட்டேன். கேட்டேன், அது ஒன்றும் சொல்லவில்லை என்றார். ஒரு பக்கம் அக்னஸின் ஆத்துமம், இன்னொரு பக்கம் அக்னஸின் கிளி. இரண்டில் எதைக் கைவிட்டாலும் அவளைக் கைவிட்டதாகத்தான் ஆகும். அதைக்கூட அவர் மூட்டை எண்ணுகிற குரலில்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விலக்கு நாள். அவர் கொய்யாவோடு முக்காலியில் உட்கார்ந்ததும் தோமா தரையிலிருந்து தொற்றி ஏறி வந்து பேய் மாதிரித் தின்றது. திங்கட்கிழமை அவர் தின்னவில்லை, அதுவும் தின்னவில்லை. வேலைக்குக் கிளம்பித் தொப்பியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் யாரும் தின்னாத போன வருஷத் தபசில் இது எப்படி உயிரோடு இருந்தது? அதற்கு முந்தின வருஷம்? உருண்டையாக அல்லவா இருந்தது?

அவர் வேலைக்குப் போகவில்லை. நேரே முக்குக் கடைக்குப் போனார். நான் அங்கே புளி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"நானா, தபசு நாள்ல எங்க வீட்டுல ஒங்க கடைக்கு வருவாளா?"

காஜா மொய்தீன் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். "இத இப்பக் கேக்காதீங்க, கிராணி. பெருநா கழிஞ்சு கேளுங்க."

"ஏன்?"

"நோம்பு வாயி. பொய் சொல்லக் கூடாது."

கிராணி நகரவில்லை. காஜா மொய்தீன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தட்டைக் கீழே வைத்தார்.

"மத்த மாசத்துல கிளிக்குன்னு ஒரு ரொட்டி வாங்குவாங்க. அந்த மாசம் மட்டும் தெனம் மூணு. டின்பாலு கூட. நீங்க வேலைக்குப் போனதும் ஒரு தடவ வருவாங்க, நாலு மணிக்கு ஒரு தடவ. கிளி ரொம்பத் திங்குது நானான்னு சொல்லுவாங்க. ஒதட்டுல பாலு ஒட்டியிருக்கும். நான் ஒண்ணும் கேக்கறதில்ல."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஒரு வருஷம் முழுக்க யூதாஸ் என்று கூப்பிட்டவள்! கல்லறைக்கே போய் நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தது. அந்தப் பளபளத்த கன்னத்தைப் பார்த்து நான் எத்தனை பாஸ்குக்கு வயிறெரிந்திருக்கிறேன். புளியைக்கூட வாங்காமல் கிராணிக்குப் பின்னாலேயே வந்தேன். அவர் தம் வீட்டுக்குள் போனார். நான் எங்கள் வீட்டுப் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டார். காலை ஒன்பது மணி வெயில், தபசின் திங்கட்கிழமை. கொய்யாவைக் கடித்தார். தோமா மெல்ல ஏறி வந்தது. பயற்றங்காய், அவருக்கு ஒன்று, அதற்கு ஒன்று. பிறகு வழக்கம்போல ஒரு பச்சை மிளகாயை எடுத்துப் பாதி கடித்துப் பாதியை நீட்டினார்.

மெல்லுவது பாதியில் நின்றது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், வாயைத் திறந்து காற்றை இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை மாதமாக அவர் தின்று வந்த அதே பசார் மிளகாய்தான்.

"மார்த்தா," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "சக்கர இருந்தா கொஞ்சம் குடேன். மொளகா காரம்."

சர்க்கரை தீர்ந்திருந்தது. டின்பால் டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு கரண்டி வாயில் போட்டார், இன்னொரு கரண்டி போட்டார். உதட்டில் பால் ஒட்டியிருந்தது. டப்பாவையே பார்த்துக்கொண்டு, "ஏண்டி, எனக்கும் ஒரு ரொட்டி குடுத்திருக்கலாம்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அடக்கத்தன்று நாங்கள் அழுததைவிடச் சத்தமாக அழுதார். தோமா மிச்ச மிளகாயைத் தின்றுகொண்டிருந்தது.