மூன்றரைப் பேர்

நாற்பத்தெட்டு வயதில், குதிகால் வெடிப்புக் களிம்பை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப் பார்த்தவன் நான். பெங்களூரில் என் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் ஒல்லியான கன்னடக்காரர்; யாரையும் மரியாதையாக ‘ரீ’ என்றுதான் கூப்பிடுவார். சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் தட்டுவார். என் அட்டவணையைப் பார்த்ததும் தட்டினார்.

“மொத்தமே இருபது பேர்தானா? இந்தக் கட்டத்துல எக்ஸ்பெக்டட் கவுண்ட் எவ்ளோ?”

“களிம்பு போட்ட பத்துப் பேர்ல ஆறு பேருக்குக் குணமாச்சு சார், போடாத பத்துல ஒருத்தருக்கு.”

“அது நடந்தது ரீ. களிம்புக்குப் பலனே இல்லேன்னா, குணமான ஏழு பேரை ரெண்டு பக்கமும் சமமா பிரிச்சு, வரவேண்டியது மூணரை. அது அஞ்சுக்குக் கீழ போனா நீங்க போட்ட கை-ஸ்கொயர் கணக்கை நம்ப முடியாது. கொஞ்சப் பேருக்குன்னே இருக்கிற எக்ஸாக்ட் டெஸ்ட் போடுங்க, இப்பவே.”

போட்டேன். அந்த ஆறு தற்செயலாகவும் இருக்கலாம் என்று விடை வந்தது. களிம்பின் வெற்றி கண்ணெதிரே கரைந்தது. பட்டமும் போயிற்று என்று நினைத்தேன்.

“இப்ப என்ன எழுதுவீங்க?”

“பலன் இருக்கா இல்லையான்னு தெரியலன்னு எழுதுவேன் சார்.”

சிரிக்காமல், தேர்ச்சி என்று கையெழுத்திட்டார். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. கேட்கவும் பயம், பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால்?