தண்ணீர் ஏறும் எல்லை

“இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா?” ஈப்போ தண்ணீர் இலாகா வாசலில் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு அங்கே மொழிபெயர்க்கும் கிராணி வேலை. வெள்ளைக்காரத் துரையின் பேச்சைத் தமிழில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பேச்சைத் துரைக்குச் சொல்ல வேண்டும். சொந்தப் பேச்சு தேவையில்லை என்பதால்தான் கூச்சக்காரியான நான் இதில் சேர்ந்தேன். இதே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: யார் மேல் கோபம் வந்தாலும் அது முதலில் நம் மேல்தான் விழும்.

அறிவிப்பு

நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஆற்றின் தடுப்பணையை நான்கடி உயர்த்தினார்கள். அணைக்கு மேல்புறம், கரையை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டம். தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்ட, வெள்ளை பூசிய முளைகளை வரிசையாக அடித்திருந்தார்கள். தோட்டத்து ஆட்களைக் கூட்டி, “முளையைத் தாண்டித் தண்ணீர் வராது. அதற்குக் கீழே இருப்பதை அகற்றிவிடுங்கள்” என்று வாசித்தேன். ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் குழாய் வருமா என்று பால்வெட்டும் முத்தையா கேட்டார். துரை, வராது என்றார். அதை நான் சொன்னதும் முத்தையா, “அப்ப குழாய் அவங்களுக்கு, ஆறு எங்களுக்கா? நல்லா இருக்குலா” என்றார்.

இறங்கிய முளை

ஒரே வாரத்தில் ஒரு முளை மட்டும் பத்தடி ஆற்றுப்பக்கம் இறங்கியிருந்தது. யாழ்ப்பாணத்து ஓவர்சியர் அதைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே அடித்தார். மறு வாரமும் இறங்கியிருந்தது.

“தங்கச்சி, இது மாடு இழுத்ததில்லை. ஆரோ எங்களோடை விளையாடுகினம்” என்றார் என்னிடம்.

அஞ்சலை

மூன்றாம் முறை கையில் முளையோடு அகப்பட்டவள் அஞ்சலை, பால்வெட்டுக்காரி. ஓவர்சியர் சத்தம் போட்டார். அவளோ என்னையே பார்த்தாள். முளையின் பழைய இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே சிறு மண்மேடு. காய்ச்சலில் இறந்த இரண்டு வயது மகளைப் போன வருஷம் அங்கேதான் புதைத்திருக்கிறாள்.

“முளையைத் தாண்டித் தண்ணி வராதுன்னு நீங்கதானே வாசிச்சீங்க, கிராணியம்மா? அதான் பிள்ளைக்குக் கீழே நட்டேன்.”

மூன்று நாள்

மூன்று நாளில் அணையின் மதகை மூடிவிடுவார்கள். முளை எங்கே நின்றாலும் தண்ணீர் அணையின் மட்டத்துக்கு ஏறும் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லாமல் அங்கே நான் பேசிய முதல் பேச்சு அது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மேட்டுக்குக் கொண்டு போலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

மண்வெட்டி வேண்டாமென்று கையாலேயே மண்ணை விலக்க ஆரம்பித்தாள். ஓவர்சியர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, பையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டு, கோட்டைக் குழியோரம் விரித்தார்.