அந்தோணியின் கிட்டார் எந்த மரம்?

அந்தோணியின் கிட்டாரைப் பிளந்தவன் நான். அவன் மனைவி ரீட்டா அல்ல. இத்தனை ஆண்டுகளில் எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதி. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தோணி அதே தோட்டத்தில் லொறி ஓட்டினான். ஞாயிறு பூசையில் கிட்டார் வாசிப்பான். மின்சாரக் கிட்டார். வேலையை விட்டு ஊர் திரும்பிய தோட்டத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. கருஞ்சிவப்பு வர்ணம், பின்புறத் தகட்டில் ஜப்பானில் செய்ததென்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

"அசல் தேக்கு மாஸ்டர். தூக்கிப் பாருங்க" என்பான்.

தூக்கிப் பார்த்தேன். தேக்கென்றால் இன்னும் கனக்க வேண்டுமே... ஜப்பானில் தேக்கு ஏது?

ஒருமுறை, உள்ளே ஒயர் விட்டுப்போனதென்று கிட்டாரை என்னிடம் தந்தான். ரேடியோ திருத்துவேன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. ஒயரைப் பற்றவைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை?

உட்குழியிலும் வர்ணம் பூசியிருந்தார்கள். மரம் எங்குமே தெரியவில்லை. ஒரு திருகாணித் துளைக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினேன். சிவந்த மரத்தூள் வந்தது. இன்னும் ஆழத்தில் வெளிறிய தூள். ஒரே மரத்தில் இரண்டு நிறமா? அன்று நான் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

கழுத்தையும் ஒயர்களையும் கழற்றினேன். வெறும் உடலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் நிறுத்தேன். பிறகு பீப்பாய் நிறைய நீர் பிடித்து, அந்த உடலை உள்ளே அமுக்கி, வழிந்த நீரையும் பிடித்து நிறுத்தேன். மரத்தின் எடையை அந்த நீரின் எடையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்ந்த மரமென்று தெரியும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடந்தான். தேக்கைவிட இலேசு என்று தெரிந்தது.

அதோடு நிறுத்தினேனா? எவ்வளவு நீரைக் குடிக்கிறது என்றும் பார்க்க ஆசை. மேலே கல்லை ஏற்றி, அந்த ஞாயிறு முழுதும் ஊறவிட்டேன். வெளியே எடுத்து, விரைவில் உலரட்டுமென்று அடுப்பருகே சாய்த்து வைத்தேன்.

மறுநாள் அதன் விளிம்பு வாய் பிளந்திருந்தது. தாள் தாளாக... நம் தேயிலை ஏற்றிப்போகும் பெட்டியின் ஓரத்தைப் போலவே! தேக்குமில்லை, ஒன்றுமில்லை. மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்தது. வெளித்தாள் சிவப்பு; உள்ளே வெளிறிய வேறேதோ மரம்.

இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்: அதைக் கண்டதும் முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் உண்டானது. அச்சம் பிறகுதான் வந்தது.

பசை வைத்து இறுக்கி, வர்ணம் தடவிக் கொடுத்துவிட்டேன். அந்தோணி சந்தேகப்படவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தார் இரவுப் பூசையில் வாசித்தான். தை பிறந்த பிறகு ஒரு மாலை, கிட்டாரோடும் ரீட்டாவோடும் என் வாசலில் வந்து நின்றான். விளிம்பு மீண்டும் பிளந்திருந்தது.

"மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. அடுப்புப் பக்கமா தொங்கவிட்டா மரம் பொளக்குமா, பொளக்காதா?" என்று கேட்டான்.

"லயத்து வீட்டுச் செவரெல்லாம் ஈரமா இருக்குங்க மாஸ்டர். பனி ஏறக்கூடாதுன்னுதான் அங்க தொங்கவிட்டேன்" என்றாள் ரீட்டா.

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பொளக்கும்" என்றேன்.

சொன்னது பொய்யல்ல. பொய்யாக இருந்திருந்தால் என்றாவது திருத்தியிருப்பேனோ, என்னவோ... விஞ்ஞானம் படித்தவன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவளுக்காகப் பேச எவருமில்லை. அந்தோணி பூசையில் வாசிப்பதை விட்டான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அது கிட்டாரில் போய் முடிந்ததென்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு, இந்தியக் குடியுரிமைக்குப் பதிந்தவர்கள் குடும்பம் குடும்பமாய் இந்தியாவுக்குப் போன காலத்தில் அவர்களுக்கும் முறை வந்தது. வட்டகொடை ஸ்டேஷனில் வழியனுப்ப நின்றேன். அந்தோணி பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ரீட்டா தன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி என்னருகே வந்தாள்.

"அந்தக் கிட்டார என் கையாலேயே கெடுத்துட்டேன் மாஸ்டர். அதுக்கப்புறம் அவரு சிரிச்சுப் பேசுனதே இல்லைங்க."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாயைத் திறந்தேன்.

"அத என்ன செஞ்சீங்க?"

"அவருதான் ஒடச்சு அடுப்புல வச்சிட்டாருங்க."

அடுத்து நான் கேட்டது என்ன தெரியுமா?

"எரியறப்ப என்ன வாசம் வந்துச்சு ரீட்டா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "பெயிண்ட் நாத்தந்தாங்க" என்றாள். அந்தோணி கூப்பிட்டான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினாள்.

அவர்கள் தமிழ்நாட்டில் எங்கே இறங்கினார்கள் என்று நான் விசாரிக்கவேயில்லை. மரத்தைப் பற்றி மட்டும் எத்தனை பேரிடம் விசாரித்திருக்கிறேன்...